எழுபது போட்ட வெள்ளிக் காசு வாங்கப் போகிறவர்களுக்கு

மறுபடியும் அதே பெட்டி. உள்ளங்கை அகலத்துக்குக் கெட்டியான கண்ணாடி பிளாஸ்டிக், நடுவில் பளிச்சென்று ஓர் அவுன்ஸ் வெள்ளிக் காசு, மேலே ‘எம்எஸ் 70’ என்று அச்சடித்த சீட்டு. வெளிநாட்டில் வீட்டு வேலை செய்யும் தாய் அனுப்பிய பணத்தில், பேஸ்புக்கில் யாரோ சொன்னதை நம்பி, வெள்ளி விலையைப் போல மூன்று நான்கு மடங்கு கொடுத்து வாங்கியிருப்பார்கள். பிள்ளையின் படிப்புச் செலவு வந்ததும் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ நகைக்கடைக்குக் கொண்டு வருகிறார்கள். கடைக்காரர் வெள்ளி விலையைத்தான் சொல்வார். “இது எழுபது, பார்க்கவில்லையா?” என்று அங்கே சண்டை. பார்த்தாயிற்று. அந்த எழுபதுக்கு நகைக்கடையில் விலை கிடையாது. உருக்கினால் சீட்டும் பெட்டியும் குப்பைக்குத்தான் போகும்.

முதலில் அந்த எண் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். தங்கத்தில் 22 கரட், 24 கரட் என்று கேட்டுப் பழகியவர்கள் காசின் மேல் எந்த எண்ணைக் கண்டாலும் சுத்தம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு சாரார் “நூற்றுக்கு எழுபதுதான் வெள்ளியா?” என்று பயப்படுகிறார்கள். இன்னொரு சாரார் அறுபத்தொன்பதைவிட எழுபதில் வெள்ளி கூட என்று நம்பிக் கூடுதலாகப் பணம் கொடுக்கிறார்கள். இரண்டும் பிழை. அமெரிக்காவின் சில்வர் ஈகிள் காசு 999 வெள்ளி, அதாவது ஆயிரத்தில் 999 பங்கு. கனடாவின் மேப்பிள் லீஃப் 9999, அதாவது பத்தாயிரத்தில் 9999 பங்கு. பிரித்தானியாவின் பிரிட்டானியா 2012 வரை 958, 2013இலிருந்து 999. சுத்தத்தைத் தீர்மானிப்பது காசை அடித்த நாணயச்சாலை. காசைப் பார்த்து எண் போட்டுப் பெட்டியில் அடைத்துக் கொடுக்கும் கிரேடிங் கம்பனி காசில் ஒரு மில்லிகிராம் வெள்ளியைக்கூடச் சேர்ப்பதில்லை. 69 போட்ட ஈகிளிலும் 70 போட்ட ஈகிளிலும், சீட்டே இல்லாத ஈகிளிலும் வெள்ளி ஒரே அளவு: 31.1 கிராம்.

எண் சொல்வது காசின் உடம்பில் உள்ள காயத்தை மட்டும். 1949இல் ஷெல்டன் என்பவர் அமெரிக்காவின் பழைய செப்புக் காசுகளுக்காக 1 முதல் 70 வரை போட்ட அளவுகோல் இது. அதில் 60உம் அதற்கு மேலே உள்ளவையும் கைமாறாத புதுக் காசுகள், அதைத்தான் எம்எஸ் (மின்ட் ஸ்டேட்) என்கிறார்கள். ஐந்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸில் பார்த்தாலும் அச்சை விட்டு வந்த பிறகு பட்ட கீறலோ பொட்டோ தெரியாவிட்டால் 70. ஊசிமுனை அளவுக்கு ஏதாவது இருந்தால் 69. சீட்டை மறைத்துவிட்டு இரண்டையும் வெறுங்கண்ணால் பிரித்துச் சொல்லச் சொன்னால், தொழிலில் இருப்பவர்களே திணறுவார்கள்.

“சரி, எழுபது அபூர்வம்தானே?” என்பது அடுத்த கேள்வி. இல்லை. இதைச் சொல்லிச் சொல்லியே வாய் வலிக்கிறது. 2015இல் மட்டும் அமெரிக்க நாணயச்சாலை விற்ற வெள்ளி ஈகிள் 4 கோடியே 70 இலட்சம். இருபது காசு ஒரு குழாய், இருபத்தைந்து குழாய் ஒரு பெட்டி என்று பெட்டிக்கு ஐந்நூறாக வியாபாரிகளுக்குப் போகிறது. அவர்கள் நல்லதைப் பொறுக்கி எடுத்து நூற்றுக்கணக்கில் கிரேடிங்குக்கு அனுப்புகிறார்கள். மொத்தமாக அனுப்புவதால் கட்டணமும் அவர்களுக்குக் குறைவு. இன்றைய அச்சு இயந்திரத்தில் அடித்த காசைப் பொறுக்கி அனுப்பினால் திரும்பி வருவதில் பெரும்பகுதி 69 அல்லது 70தான். விற்பவர் காட்டும் “இதுவரை இத்தனை எழுபதுதான்” என்ற கணக்கு அன்றைய கணக்கு. இன்னும் பிரிக்காத பெட்டிகள் களஞ்சியங்களில் இருக்கின்றன. நாளைக்கு யாராவது அனுப்பினால் எண்ணிக்கை ஏறும், இறங்குவது அபூர்வம்.

எழுபதுக்கு உண்மையாகவே விலை இருக்கிற காசுகளும் உண்டு. 1996ஆம் ஆண்டு ஈகிள் 36 இலட்சத்துச் சொச்சம்தான் வந்தது, சாதாரண ஈகிள் வரிசையில் ஆகக் குறைந்தது அதுதான். 1995இல் வெஸ்ட் பாயின்ட் நாணயச்சாலையின் டபிள்யூ முத்திரையோடு வந்த புரூஃப் (சேகரிப்பாளர்களுக்கென்று விசேஷமாக அடித்த) ஈகிள் 30,125 மட்டும். இவற்றைத் தேடி விலை கொடுக்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். நம்மூரில் நடப்பது என்னவென்றால், அந்தக் காசுகள் ஏலத்தில் போன விலையைக் காட்டி 2015ஆம் ஆண்டுக் காசை விற்பது.

சீட்டில் ‘ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்’, ‘ஏர்லி ரிலீஸஸ்’ என்று போட்டிருந்தால் அச்சில் முதலில் விழுந்த காசு என்று நினைக்காதீர்கள். வெளியிட்ட முதல் முப்பது நாளைக்குள் கம்பனிக்கோ அவர்கள் ஏற்றுக்கொண்ட களஞ்சியத்துக்கோ வந்து சேர்ந்தது என்பதுதான் அதன் பொருள். கொடியும் கையெழுத்தும் போட்ட சீட்டுகளும் அப்படித்தான். காசு அதேதான், தாளுக்குத்தான் கூடுதல் பணம்.

இனிப் போலி. காசுக்குப் போலி வந்து, இப்போது பெட்டிக்கும் போலி வந்துவிட்டது. கலிபோர்னியாவின் பிசிஜிஎஸ், புளோரிடாவின் என்ஜிசி என்ற இரண்டு கம்பனிகளின் பெட்டியைத்தான் உலகச் சந்தை பெரும்பாலும் மதிக்கிறது. சீட்டில் 70 தவிர அந்தக் காசுக்கென்றே போட்டிருக்கும் அத்தாட்சி எண்ணை அந்தந்தக் கம்பனியின் இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் இருக்கிறது என்றதும் திருப்திப்பட்டுவிடாதீர்கள், போலி செய்கிறவன் உண்மையான எண்ணைத்தான் நகல் எடுக்கிறான். அங்கே போட்டோ இருந்தால் அதைக் கையில் உள்ளதோடு ஒப்பிடுங்கள்: ஆண்டு, சீட்டின் நிறம், எழுத்தின் தடிப்பு, காசில் பொட்டு இருந்தால் அது இருக்கும் இடம். பெயரே கேள்விப்படாத கம்பனி எழுபது கொடுத்திருந்தால் அந்த எழுபதை மறந்துவிட்டு வெள்ளி விலை மட்டும் பேசுங்கள்.

பெட்டியில் இல்லாத காசை வீட்டிலேயே பார்க்கலாம். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசும் விட்டமும் தடிப்பும் அளக்கும் ஒரு வேர்னியரும் போதும். ஈகிள் 40.6 மில்லிமீற்றர் விட்டம், மேப்பிள் லீஃப் 38, ஆஸ்திரியாவின் ஃபில்ஹார்மோனிக் 37. எடை மூன்றுக்கும் 31.1 கிராம். பித்தளையில் அதே அளவுக்குச் செய்து வெள்ளி முலாம் பூசினால் 25 கிராம் சுமாருக்குத்தான் வரும். எடையைச் சரிக்கட்டினால் காசு தடித்துவிடும். அதனால் எடை, விட்டம், தடிப்பு மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஒன்று மட்டும் சரியாக இருந்து பயனில்லை. காந்தத்தில் ஒட்டவில்லை என்று சந்தோஷப்படுகிறவர்களுக்கு ஒன்று: பித்தளையும் செம்பும்கூட ஒட்டாது.

இன்னும் உறுதி வேண்டுமானால் தண்ணீர்ச் சோதனை. தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூச்சியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுதாக முங்க விடுங்கள். நூலைக் கையில் பிடித்திருக்க வேண்டும், காசு அடியில் உட்கார்ந்தால் கணக்குப் பிழைத்துவிடும். ஒட்டிக்கொண்ட காற்றுக் குமிழிகளையும் தட்டிவிடுங்கள். தராசு 2.96 கிராம் சுமாருக்குக் காட்டும். காசின் எடையை அதனால் வகுத்தால் 10.49 பக்கம் வர வேண்டும். 9க்குக் கீழே வந்தால் உள்ளே வெள்ளி இல்லை. முடிந்ததும் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

தேய்ப்பதைப் பற்றித்தான் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்கிறது. குத்துவிளக்கையும் குங்குமச் சிமிழையும் திருநீறு போட்டுத் தேய்க்கிற கை, காசையும் சும்மா விடுவதில்லை. புளி, எலுமிச்சை, பற்பசை, அப்பச்சோடாவும் அலுமினியத் தாளும், எதுவும் வேண்டாம். பளபளப்பு வரும், உண்மை. ஒற்றை பல்பு வெளிச்சத்தில் காசைச் சாய்த்துப் பாருங்கள், ஒரே பக்கம் ஓடும் மயிரிழைக் கீறல்கள் தெரியும். அச்சில் விழுந்தபோது வந்த அலையடிக்கும் ஒளி போய், வெள்ளித் தட்டு மாதிரி மினுங்கும். அப்படித் தேய்த்த காசை கிரேடிங்குக்கு அனுப்பினால் எண்ணே கிடைக்காது. ‘டீடெயில்ஸ், கிளீன்ட்’ (தேய்த்துச் சுத்தம் செய்தது) என்று எழுதி வரும், கட்டணமும் போகும். பாட்டிமாரின் கழுத்தில் கிடந்த பழைய விக்டோரியா, ஜோர்ஜ் வெள்ளி ரூபாய்க்கும் இதே கதிதான். வளையம் ஒட்டிய தடம் இருந்தால் எண் கிடையாது. ஆனாலும் அவற்றை அவசரப்பட்டு உருக்கக் கொடுக்காதீர்கள், ஆண்டைக் காட்டி விசாரித்துவிட்டுக் கொடுங்கள்.

கறுப்பதற்குக் காரணம் கந்தகம், அதற்குத் துணை ஈரம். மலைநாட்டில் ஈரத்துக்குப் பஞ்சமா? நுவரெலியாவில் சுவரே வியர்க்கிறது. அதிலும் நாம் காசை வைக்கிற இடம் டிரங்குப் பெட்டியில் கம்பளிக்கு அடியில். கம்பளியிலேயே கந்தகம் இருக்கிறது. இறப்பர் வளையம் போட்டுக் கட்டுவது, பத்திரிகைத் தாளில் சுற்றுவது, அடுப்படிப் பரணில் வைப்பது எல்லாம் வேண்டாம். வளையக்கூடிய மலிவான பிவிசி உறைகள் பச்சைப் பசையைக் கக்கிக் காசை அரிக்கும். காசை அடைக்க அளவுக்கேற்ற கெட்டி பிளாஸ்டிக் கூடு, அதை மூடியுள்ள டப்பாவில், கூடவே சிலிக்கா ஜெல் இரண்டு பொட்டலம். ஜெல்லை மாரிகாலத்தில் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கிரேடிங் பெட்டியும் காற்றுப் புகாத பெட்டி அல்ல, அதற்குள்ளேயும் காசு கறுக்கும்.

வெள்ளைப் பொட்டு வேறு சங்கதி. பால் தெறித்த மாதிரி இருக்கும். நாணயச்சாலையில் இன்னும் அச்சடிக்காத வெள்ளி வில்லையைக் கழுவும்போது தங்கிய மிச்சம், மாதங்கள் ஆண்டுகள் கழித்து வெளியே தெரிவது. நீங்கள் செய்த தவறல்ல, நீங்கள் எடுக்கவும் முடியாது. கனடா 2018இலிருந்து இதைக் குறைக்கும் முறையொன்றை மேப்பிள் லீஃபுக்குக் கையாள்கிறது. எழுபது பெட்டிக்குள்ளே பிறகு பொட்டு வந்தால் கம்பனியின் உத்தரவாதம் அதற்குப் பொருந்தாது. விற்பவர் இதைச் சொல்லமாட்டார்.

வெள்ளியில் சேமிக்கத்தான் ஆசை என்றால் சீட்டில்லாத சாதாரணக் காசை வாங்குங்கள். அன்றைய வெள்ளி விலையை 31.1 கிராமுக்குக் கணக்குப் போட்டு, அதற்கு மேல் எவ்வளவு கேட்கிறார்கள் என்று பாருங்கள். நம்மூரில் விற்கும்போது அந்த மேல்தொகை திரும்பி வராது. இங்கே ஓர் அவுன்ஸ் என்பது 31.1 கிராம். 28.35 கிராம் அவுன்ஸ் சமையலறைக் கணக்கு, அதைப் போட்டுக் குழப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தயவுசெய்து பெட்டியை உடைக்காதீர்கள். உடைத்த நிமிடமே எழுபது போய்விடும், போலியா என்று பார்க்கக்கூடிய எண்ணும் போய்விடும். உரைகல்லில் உரசவும் விளிம்பில் அரம் வைக்கவும் கடைக்காரருக்கு அனுமதி கொடுக்காதீர்கள். அவசரமில்லையென்றால், காசு சேகரிப்பவர்கள் அதிகமுள்ள நாட்டில் இருக்கும் உறவினர் மூலம் விற்பது மேல். அனுப்புவதற்கு முன் சுங்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சீட்டின் எண்ணையும் காசின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.