ஆல்பத்தில் ஒட்டும் முன் தபால்தலையின் முதுகைப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பழைய தபால்தலைகளை வாங்கி விற்பதுதான் என் தொழில். தோட்டத்து லயத்திலிருந்து தாமான் குடியிருப்புக்கு வீடு மாறுகிறவர்கள் தாத்தா சேர்த்த ஆல்பத்தைக் கொண்டு வந்து வைப்பார்கள். திறந்து பார்த்தால், நல்ல தலைகளை ஒட்டிய விதமே கெடுத்திருக்கும்.

ஒட்டும் முன் திருப்பிப் பாருங்கள். முத்திரை விழுந்து, கடிதத்திலிருந்து ஊறவைத்து எடுத்த சாதாரணத் தலையா? ஹிஞ்ச் போதும். அது பசை தடவிய சின்னத் தாள்தான். குட்டை மடிப்பைத் தலையின் முதுகில் மேல் ஓரத்துக்குச் சற்றுக் கீழேயும், நீள மடிப்பை ஆல்பத்திலும் ஒட்டுவது. ஈரம் லேசாக இருக்கட்டும், பிரிப்பதென்றால் நன்றாகக் காய்ந்த பிறகு பிரியுங்கள். (சுண்ணம் பூசிய தாளில் வந்த பழைய நீரிணைக் குடியேற்ற (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த பிரிட்டிஷ் காலனி) தலைகளை ஊறவே வைக்காதீர்கள், சாயம் போய்விடும்.)

முதுகில் பசை அப்படியே இருக்கிற புதுத் தலைக்கு ஹிஞ்ச் கூடாது. ஜப்பான்காரன் காலத்தில் 'டாய் நிப்பான் 2602' என்று மேலச்சிட்ட தலை, அதாவது ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் 1942, பசையோடு கிடைத்தால் அதற்கு மவுண்ட்தான். தலையைச் செருகி வைக்கிற, முதுகில் பசை உள்ள பிளாஸ்டிக் உறைதான் மவுண்ட். ஹிஞ்ச் தடம் பட்டதுமே வாங்குகிறவர் விலையைக் குறைப்பார், நானும் குறைப்பேன். மவுண்டை ஓரிரு மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டி, அதன் முதுகில் மேல் பக்கம் மட்டும் நனையுங்கள். முழுக்க நனைத்தால் தண்ணீர் உள்ளே கசிந்து தலை பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எடுக்க முடியாது.

சரி, பணம் எதில் மிச்சம் பிடிக்கிறார்கள் தெரியுமா, போட்டோ ஆல்பத்தில்! பிசுபிசுப்பான பக்கமும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள அந்த ஆல்பம் தலைக்கு எமன். பிவிசி உறையும் அப்படித்தான், அதை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் நாளடைவில் கசிந்து தாளில் இறங்கும். புது மழைக்கோட்டு மாதிரி வாடை அடித்தால் வாங்காதீர்கள். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். செலோடேப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நம் ஊர் ஈரத்தில் புதுத் தலையின் பசை தானாகவே இளகும். அதனால் ஆல்பங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், வெளிச்சுவரில் சாய்க்காமல் நிறுத்தி வையுங்கள், பக்கத்தில் சிலிக்கா ஜெல் போடுங்கள், அவ்வப்போது பக்கங்களைப் புரட்டிக் காற்றுப் பட விடுங்கள்.

ஊரிலிருந்து தோட்டத்துக்கு வந்த பழைய கடிதம் உறையோடு இருந்தால் தலையை வெட்டி எடுக்காதீர்கள். முத்திரையும் முகவரியும் சேர்ந்தால்தான் அதற்கு மதிப்பு. நான்கு மூலைக்கும் போட்டோ கார்னர் போட்டு முழுசாக வையுங்கள்.