ஒடியல் மாவாய் உதிர்ந்த சப்பாத்து

கனடாவிலிருந்து வந்த மச்சான் தந்துவிட்டுப் போன ஓட்டச் சப்பாத்தை, நல்ல நாளுக்கு என்று பெட்டியோடு அலுமாரியில் வைத்திருந்தேன். ஏழு வருடம். பழைய மாணவர் ஓட்டப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கலாம் என்று ஒரு விடியற்காலை அதைக் கட்டிக்கொண்டு பண்ணைக் கடற்கரைப் பக்கம் இறங்கினேன். ஒரு கிலோமீற்றர்கூட ஓடியிருக்க மாட்டேன், குதிக்காலடியில் ஏதோ நொறுங்கியது. குனிந்து பார்த்தால் தார் றோட்டில் ஒடியல் மா சிந்தின மாதிரித் தூள். அடி கழன்று தொங்குகிறது. மேல் துணியிலோ ஒரு கீறல் இல்லை.

வீட்டுக்கு வந்து கத்தியால் பிளந்தேன். தரையைப் பிடிக்கிற கறுப்பு றப்பர் கீழே, பாதம் படுகிற மெல்லிய தட்டு மேலே, இரண்டுக்கும் நடுவில் இரண்டு விரல் தடிப்பில் நுரை. உதிர்ந்தது அந்த நுரைதான். சிலவகைப் பொலியூரெத்தேன் நுரைகளுக்கு இந்தக் குணம் உண்டு. காற்றிலுள்ள ஈரம் அவற்றின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளை மெல்ல மெல்லத் துண்டாடும். நீர்ப்பகுப்பு என்று பாடசாலையில் படித்தது இதுதான். போடாமல் பூட்டி வைத்தாலும் நடக்கும். எங்கள் கடற்காற்றில் கேட்கவே வேண்டாம்.

சப்பாத்து போனது போனதுதான். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வைத்தது. ஓட்டச் சப்பாத்தின் சங்கதி முழுவதும் அந்த நடு நுரையில்தான் இருக்கிறது.

ஓடும்போது ஒவ்வொரு காலும் ஏறக்குறையக் கால் செக்கன்தான் நிலத்தில் நிற்கிறது. அதற்குள் உடல் நிறையைப் போல இரண்டரை மடங்கு வரை விசை அதில் இறங்குகிறது. முதற் பாதியில் நுரை நசிந்து சக்தியை வாங்கிக்கொள்கிறது, மறு பாதியில் விரிந்து திருப்பித் தருகிறது. முழுவதையும் தராது. சீட்டுக் கட்டினால் தாச்சி தன் கழிவை எடுத்துக்கொண்டுதானே மிச்சத்தைத் தருவார்? இங்கே கழிவு வெப்பமாகப் போகிறது. நுரைக்குள் சங்கிலிகள் ஒன்றோடொன்று உரசி வழுக்கும்போது பிறக்கும் வெப்பம் அது.

இந்தக் கழிவைக் கண்ணால் பார்க்கலாம். ஒழுங்கைக் கிரிக்கெட்டுக்கு வாங்கும் ரெனிஸ் பந்தைச் சீமெந்து நிலத்தில் கைவிடுங்கள். போட்டிப் பந்துக்கான விதி, 254 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விட்டால் 135 முதல் 147 சென்ரிமீற்றர் வரை எழும்ப வேண்டும் என்கிறது. எழும்பிய உயரத்தை விழுந்த உயரத்தால் வகுத்தால் திரும்பி வந்த சக்தியின் பங்கு கிடைக்கும்: 53 முதல் 58 வீதம். அவ்வளவு துள்ளுகிற பந்தே பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான் தருகிறது.

1970களிலிருந்து ஓட்டச் சப்பாத்துகளை ஆண்டது ஈவிஏ என்ற நுரை. அப்பச் சோடா மாவைப் பொங்க வைப்பது போல, சூட்டில் வாயு விடும் இரசாயனம் ஒன்றைக் கலந்து பொங்க வைப்பார்கள். மலிவு, பாரமில்லை. நாள் போகப்போகக் குமிழ்ச் சுவர்கள் மடிந்து சப்பையாகிவிடும், அவ்வளவுதான் குறை. 2013இல் அடிடாஸ், பொலியூரெத்தேனிலேயே வேறொரு வகையை மணிமணியாகப் பொங்க வைத்து ஒட்டிய அடியைக் கொண்டுவந்தது. அது நன்றாகத் துள்ளும், ஆனால் பாரம். பாரம் சும்மா விடாது: ஒரு சப்பாத்தில் 100 கிராம் கூடினால், ஓட உடல் செலவழிக்கும் சக்தி, அதாவது ஓட்டச் செலவு, ஏறக்குறைய ஒரு வீதம் கூடும்.

அடுத்து வந்ததுதான் பீபா என்ற நுரை. பெயரைப் பார்த்து உதைபந்தாட்டம் என்று நினைக்க வேண்டாம். இந்தச் சங்கிலியில் நைலோன் இனத்துக் கடினத் துண்டும் இளகிய துண்டும் மாறி மாறி வரும். இளகிய துண்டுகள் இழுபடும். கடினத் துண்டுகள் கயிற்றுக் கட்டிலின் முடிச்சுப் போல அவற்றை நழுவவிடாமல் பிடித்திருக்கும். நழுவல் குறைந்தால் உரசல் குறையும், உரசல் குறைந்தால் கழிவும் குறையும். இதைப் பொங்க வைக்க, அழுத்தத்தில் நைதரசன் போன்ற வாயுவை உள்ளே கரைத்துவிட்டு, பிறகு அழுத்தத்தைச் சட்டென்று எடுக்கும் முறையும் உண்டு. சோடாப் போத்தல் மூடியைத் திறந்த கதைதான்.

நைக்கி 2017இல் இந்த நுரையோடு வேப்பர்ஃப்ளை என்ற சப்பாத்தைக் கொண்டுவந்தது. அதன் முன்மாதிரியைக் கொலராடோப் பல்கலைக்கழகத்தில் இயந்திரத்தில் வைத்து நசித்துப் பார்த்தார்கள். திரும்பியது 87 வீதம். ஒப்பிட்ட மற்ற இரண்டில் ஒன்று 76 வீதமளவும், ஈவிஏ நுரைச் சப்பாத்து 66 வீதமளவும் தந்தன. வீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். கல்லுப் போல இறுகிய அடி 95 வீதம் தந்தாலும், அதற்குள் இறங்கியதே சொற்பமென்றால் வந்து என்ன? இந்த நுரை தடிப்பு, இளக்கமும் கூட. ஆகவே ஆழமாக நசிந்து, மற்றவற்றைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தியைத் திருப்பித் தந்தது. 18 ஓட்டக்காரர்களை ஓடவிட்டு மூச்சை அளந்ததில், செலவு சராசரியாக 4 வீதம் குறைந்திருந்தது.

நேரமும் முக்கியம். மெமரி ஃபோம் தலையணையில் கையை அழுத்தி எடுத்துப் பாருங்கள், பள்ளம் ஆறுதலாக நிரம்பும். சப்பாத்தடி அப்படி இருந்தால், அது விரியும்போது கால் அடுத்த எட்டுக்குப் போயிருக்கும்.

அந்த நுரைக்குள் வளைந்த காபன் தகடு ஒன்றும் உண்டு. ஸ்பிரிங் இதுதான் என்று ஊரெல்லாம் பேச்சு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை, காரணமும் இருக்கிறது. ஹீலி, ஹூக்கமர் என்ற இரு ஆய்வாளர்கள் தகட்டைக் குறுக்கே அறுத்துவிட்டு ஓடவிட்டபோது செலவு ஒரு வீதமளவுகூட மாறவில்லை. தகடு பெருவிரல் மூட்டை அதிகம் மடியவிடாமல் பிடிக்கிறது, இளகிய நுரைக்கு ஒரு விறைப்புத் தருகிறது. துள்ளல் நுரையுடையது.

2019 ஒக்டோபர் 12 அன்று வியன்னாவில் கென்ய வீரர் எலியூட் கிப்சோகே இந்த இனச் சப்பாத்தோடு மரதன் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 செக்கனில் ஓடினார். அடுத்த ஜனவரியில் உலகத் தடகள அமைப்பு விதி போட்டது: வீதியோட்டத்தில் அடியின் தடிப்பு 40 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது, தகடு ஒன்றுதான்.

இத்தனைக்கும் சப்பாத்துத் தானாக ஒரு துளி சக்தியும் உண்டாக்குவதில்லை. வாங்கியதில் கொஞ்சம் குறைத்துத் தருகிறது, அவ்வளவே. உண்மையான ஸ்பிரிங் எங்கள் காலிலேயே இருக்கிறது. 1987இல் பிரித்தானிய விலங்கியலாளர் மக்நீல் அலெக்சாண்டரின் குழுவினர் மனிதப் பாதத்தை இயந்திரத்தில் வைத்து அளந்தார்கள். 70 கிலோ ஆள் ஓடும்போது ஓர் எட்டில் குதிக்கால் தசைநாண் ஏறக்குறைய 35 யூல் சக்தியும், பாதத்தின் வளைவு 17 யூலும் சேமிக்கின்றன. தசைநாண் அதில் 90 வீதத்துக்கு மேல் திருப்பித் தரும். அந்த வேப்பர்ஃப்ளை முன்மாதிரி தந்ததோ ஏழு, எட்டு யூல். இல்ல மெய்வல்லுநர் போட்டியில் வெறுங்காலோடு புழுதி கிளப்பின பெடியள் எல்லாரிடமும் அந்த ஸ்பிரிங் இருந்தது. 1960 ரோம் ஒலிம்பிக் மரதனை எதியோப்பிய வீரர் அபேபே பிகிலா வென்றதும் வெறுங்காலோடுதான்.

போன கிழமை மச்சான் எடுத்தான். “என்னடா, அந்தச் சப்பாத்தோட ஓடினியோ?” ஓடினேன் என்றேன், எவ்வளவு தூரம் என்று சொல்லவில்லை. “வாற முறை நல்லதா ஒண்டு கொண்டுவாறன்.”

“கொண்டு வா. ஆனா வந்த அண்டைக்கே போட்டு ஓடுவன்.”

பிளந்த சப்பாத்தின் கறுப்பு றப்பர் மட்டும் இன்னும் புதிது போல இருக்கிறது. ஒரு துண்டு வெட்டி, காற்றுக்கு அடிபடுகிற படலைக்கும் தூணுக்கும் நடுவில் ஆணி அடித்திருக்கிறேன்.