நாய் விழுங்கிய மாங்கொட்டை எங்கே நிற்கிறது?

பாலக்காட்டு எல்லையில் முதலமடை, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பக்கம் மாங்காய் சீசன் வந்தால் தோப்போரமெல்லாம் கொட்டை கிடக்கும். சாறு வாசனைக்கு நாய் கவ்வும். யாராவது பிடுங்கப் போனால் அவசரத்தில் முழுசாக விழுங்கிவிடும். அதன்பின் வாலாட்டிக்கொண்டுதான் திரியும். "தானா வெளிய வந்துடும்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். சின்னக் கொட்டை வந்தும்விடும்.

வராவிட்டால்? இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. சாப்பிட்டபின் அது கூழானதை மட்டும் கீழே விடும், பெரியதைத் திருப்பித் தள்ளும். அதனால் கொட்டை நாள்கணக்கில், சில நாய்களுக்கு வாரக்கணக்கில்கூட, இரைப்பையிலேயே கிடக்கும். வயிறு காலியானதும் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை வலுவான சுருக்க அலை எழுந்து, செரிக்காத மிச்சத்தைக் குடலுக்குள் தள்ளும். அந்த அலையில் கொட்டை வாசலைத் தாண்டினால் குறுகலான குடலில் போய் இறுகிவிடும்.

இறுகிய இடத்துக்கு மேலே நீரும் வாயுவும் தேங்கிக் குடல் உப்பும். முதலில் ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரைகள் நசுங்கும், சுவர் வீங்கும், பிறகு உள்ளே வரும் ரத்தமும் குறையும். அழுத்தம் பட்ட இடம் கருத்து அழுகி ஓட்டை விழுந்தால், குடலில் உள்ளதெல்லாம் வயிற்றறைக்குள் கொட்டும். பிறகு உயிரைக் காப்பாற்றுவதே பெரும்பாடு.

செலவும் கொட்டையோடு சேர்ந்தே நகர்கிறது. விழுங்கி 2 மணி நேரத்துக்குள் போனால் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைக்கலாமா என்று டாக்டர் பார்ப்பார். திரும்பி வரும்போது உணவுக்குழாயில் சிக்கும் அளவென்றால் செய்யமாட்டார். இரைப்பையில் இருக்கும்வரை எண்டோஸ்கோப்பி (கேமரா வைத்த குழாய்) வசதியுள்ள இடத்தில் வாய்வழியே எடுத்துப் பார்க்கலாம். குடலுக்குள் போய்ச் சிக்கிவிட்டால் அறுவைதான். குடல் நல்ல நிறத்தில் இருந்தால் சின்னதாகக் கீறிக் கொட்டையை எடுத்துத் தைத்துவிடலாம். அழுகியிருந்தால் அந்தத் துண்டையே வெட்டி இரு முனைகளையும் இணைக்க வேண்டும். மயக்க நேரம், ட்ரிப்ஸ், தங்கும் நாள் எல்லாம் கூடும். தையல் கசிகிறதா என்று முதல் 5 நாள் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டும். தனியார் பில் பல ஆயிரங்களுக்குப் போவது இங்கேதான்.

எக்ஸ்ரேவோடு ஸ்கேனும் எழுதினால் வீண்செலவு என்று நினைக்காதீர்கள். மாங்கொட்டை எலும்பைப்போல் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியாது. வாயு உப்பிய குடலை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

வீட்டில் உப்புத்தண்ணீர் கொடுக்கவே கூடாது. ரத்தத்தில் சோடியம் ஏறி மூளையைத் தாக்கும். குடித்த தண்ணீரையும் கக்குவது, முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி நிற்பது, மலம் போகாதது இவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் திருச்சூர் அருகே மண்ணுத்தியிலும் இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் உடுமலைப்பேட்டையிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு. அறுவைக்கு ஆள் இருக்கிறார்களா என்று போனில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். அதே மரத்துக் கொட்டை ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள். அதன் அளவையும் விழுங்கிய நேரத்தையும்தான் டாக்டர் முதலில் கேட்பார்.