சேலத்துக் கனிமத் தேடல்: துளையிடும் முன் தரவை எப்படிப் படிப்பது?

கருப்பூர்ப் பக்கம் தெரியும் வெள்ளைக் குவியல்கள் மேக்னசைட் சுரங்கக் கழிவு. அந்த மேக்னசைட் நரம்பு நரம்பாக ஓடுவது டியூனைட் என்ற, பெரும்பாலும் ஆலிவின் தாதுவால் ஆன பாறைக்குள். நிக்கலும் குரோமியமும் இயல்பிலேயே கூடுதலாக உள்ள பாறை அது. மாவட்டத்தின் மேற்கே, பக்கநாட்டுக் கார்பனடைட்டில் (கார்பனேட் மிகுந்த எரிமலைக்குழம்புப் பாறை) மோனசைட், ஆலனைட் போன்ற அருமண் தாதுக்கள் உண்டு. சேர்வராயன் மலைத்தலைகளில் அலுமினியத் தாதுவான பாக்சைட். பாக்சைட்டோடு சிறிதளவு காலியம் என்ற உலோகமும் சேர்ந்தே வரும். நிக்கல், காலியம், அருமண் தனிமங்கள் எல்லாம் மத்தியச் சுரங்க அமைச்சகம் 2023-இல் வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் உள்ளவை. ஆனால் பட்டியலில் பெயர் இருப்பது வேறு, வெட்டி எடுக்கும் தரத்தில் கனிமம் இருப்பது வேறு. இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டியது தரவு. அதைத் தவறாகப் படித்தால் வீண் துளைகளும் ஊருக்குள் வீண் அச்சமும்தான் மிஞ்சும்.

டியூனைட் மேல் உள்ள மண்ணில் நிக்கல் 2,000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2,000 பங்கு) என்று ஆய்வறிக்கை வந்ததும் பலர் பரபரப்பாகிவிடுகிறார்கள். அந்தப் பாறைக்கு அது சாதாரண அளவு. ஆலிவின் படிகத்துக்குள் மக்னீசியத்தின் இடத்தில் நிக்கல் உட்கார்ந்திருக்கிறது. தனிச் சல்பைடு தாதுவாக இல்லாதவரை, எவ்வளவு அரைத்தாலும் நுரைமிதப்பு முறையில் (அரைத்த தாதுவை நுரையில் மிதக்கவிட்டுப் பிரிப்பது) அது பிரியாது. எவ்வளவு என்று கேட்குமுன் எந்தத் தாதுவில் என்று கேளுங்கள். பாறையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அதற்கு ஆகும் செலவு ஒரு துளையின் செலவில் சிறு துளிதான்.

தரவு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வு மையம் பல பத்தாண்டுகளாகச் சேர்த்தவற்றை, 2023 டிசம்பரில் தொடங்கப்பட்ட தேசியப் புவி அறிவியல் தரவுக் களஞ்சியத்தில் பதிவு செய்துகொண்டு தரவிறக்கலாம். சேலம் நகரம் 58 ஐ/2 எண் நிலவரைபடத் தாளிலும், ஏற்காடு 58 ஐ/1 தாளிலும் வருகின்றன. பழைய அறிக்கைகளின் ஆயத்தொலைவுகளில் மட்டும் கவனம் தேவை. எவரெஸ்ட் டேட்டத்தில் (பழைய இந்திய வரைபடங்களின் ஆயத்தொலைவு அடிப்படை) உள்ளதை டபிள்யூ.ஜி.எஸ். 84 (ஜி.பி.எஸ். பயன்படுத்தும் அடிப்படை) என்று எண்ணி ஜி.ஐ.எஸ். வரைபட மென்பொருளில் ஏற்றினால் புள்ளி நூறு மீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். இங்கே நூறு மீட்டர் தள்ளினால் அது வேறொருவர் தோட்டம்.

புவிவேதியியல் வரைபடத்துக்கான மாதிரி பெரும்பாலும் ஓடை வண்டல். அதில் வரும் எண், மாதிரி எடுத்த இடத்துக்கு மேலே நீர் வடிந்து வரும் பரப்பு முழுவதையும் குறிக்கும். ஆகவே புள்ளியைச் சுற்றித் துளையிடாமல் ஓடையின் மேற்புறமாக ஏறிப் பார்க்க வேண்டும். இடையில் ஏரி இருந்தால் வண்டல் அங்கேயே தங்கிவிடும். ஏரியின் உபரிநீர் வெளியேறும் கலங்கலுக்குக் கீழே எடுத்த மாதிரி மலையைப் பற்றி எதுவும் சொல்லாது. திருமணிமுத்தாற்றில் இன்னொரு சிக்கல். சேர்வராயனில் இறங்கி நகருக்குள் வரும்போது சாக்கடையும் சாயக்கழிவும் பட்டறைக் கழிவும் அதில் சேர்ந்துவிடுகின்றன. நகருக்குக் கீழே எடுத்த வண்டலில் நிக்கல், குரோமியம் உயர்ந்திருந்தால் மக்னீசியமும் கோபால்ட்டும் சேர்ந்தே உயர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். உயர்ந்திருந்தால் பாறையிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். செம்பும் துத்தநாகமும் உடன் வந்தால் முலாம் பூசும் வேலையைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்த பிழை ஆய்வகத்தில் நடக்கிறது. குரோமியத்தின் தாதுவான குரோமைட், ராஜதிராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) சரியாகக் கரையாது. அந்த முறையில் கரைத்து அளந்தால் குரோமியம் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். சோடியம் பெராக்சைடோடு சேர்த்து உருக்கிக் கரைக்கும் முறையைக் கேட்டு வாங்க வேண்டும். மாதிரியைக் குரோம் எஃகு ஆலையில் அரைத்தால் குரோமியம் ஒட்டிக்கொள்ளும், டங்ஸ்டன் கார்பைடில் அரைத்தால் டங்ஸ்டனும் கோபால்ட்டும். அகேட் கல் ஆலையும் நைலான் சல்லடையும் போதும். 20 மாதிரிக்கு ஒரு வெற்று மாதிரி (தேடும் உலோகம் இல்லாதது), ஓர் இரட்டை மாதிரி (ஒன்றையே இருமுறை அளக்க), ஒரு தரச்சான்று மாதிரி (அளவு முன்பே தெரிந்தது) வைக்காத அறிக்கையை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

காந்த அளவீட்டில் டியூனைட் பகுதி துலக்கமாகத் தெரிந்தால் அது குரோமைட் என்று பொருளில்லை. டியூனைட் நீரோடு வினைபுரிந்து செர்பென்டைன் பாறையாக மாறும்போது காந்தத்தன்மையுள்ள மேக்னடைட் உருவாகிறது, அதுதான் தெரிகிறது. போதாக்குறைக்கு, கஞ்சமலையின் இரும்புத்தாதும் அருகிலேயே இருக்கிறது. குரோமைட் தேட ஈர்ப்பு அளவீடு நல்ல துணை. குரோமைட்டின் அடர்த்தி தண்ணீரைப் போல் 4.5 மடங்கை ஒட்டி, டியூனைட்டுக்கு 3.3 அளவுதான். கதிர்வீச்சு அளவியிலும் இதே எச்சரிக்கை: நிலத்தின் மேற்பரப்பிலிருந்து அரை மீட்டர் ஆழத்துக்குள்தான் அது பார்க்கிறது. பாக்சைட், செம்புரைக்கல் மேல் கதிர்வீச்சுத் தனிமமான தோரியம் தங்கி மிகுந்து நிற்பதால், ஏற்காட்டுத் தலையில் உயர்ந்த எண் வந்தாலே அருமண் தாது என்று எழுதிவிடக் கூடாது.

இவ்வளவும் கனிமத்தைப் பற்றியவை. நம் பார்வையில் இதைவிட அவசரம் தண்ணீர்த் தரவு. டியூனைட் பகுதிக் கிணறுகளில் மக்னீசியக் கடினத்தன்மை இயல்பாகவே கூடுதலாக இருக்கும். முதல் துளைக்கு முன்பே அளந்து வைக்காவிட்டால், பின்னால் கெட்ட தண்ணீருக்குப் பாறை காரணமா, வேலை காரணமா என்று எவராலும் சொல்ல முடியாது. அந்த வழக்கில் தோற்பவர் எப்போதும் கிணற்றுக்காரர்தான்.

மே மாதம் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஒரு முறை கிணற்று நீர் மாதிரி எடுங்கள். திறந்த கிணறும் போர்வெல்லும் தனித்தனியாக. மோட்டாரை ஓடவிட்டு, நீரின் மின்கடத்துதிறன் நிலைப்பட்ட பிறகு பிடியுங்கள், அதையும் பி.எச். அளவையும் அங்கேயே குறியுங்கள். உலோகங்களுக்கான பாட்டிலில் 0.45 மைக்ரான் வடிகட்டிய நீரும் பி.எச். 2-க்குக் கீழே வரும் அளவு நைட்ரிக் அமிலமும். நச்சுத்தன்மை கூடிய வடிவமான ஆறிணைதிறக் குரோமியத்துக்கு அமிலம் சேர்க்காத தனிப் பாட்டில், பனிப்பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்கு. ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரநிலையின் குடிநீர் வரம்புகள்: குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், நிக்கல் 0.02. மக்னீசியம் 30, வேறு நீர் இல்லாவிட்டால் 100 வரை.

ஏற்காட்டில் கிணற்றோடு ஊற்றுகளையும் சேர்க்க வேண்டும். மலைத்தலையை மூடியுள்ள பாக்சைட் படலம் மழைநீரை உறிஞ்சி வைத்துச் சரிவுகளில் மெல்ல விடுகிறது. அந்தப் படலத்தை அகற்றினால் கோடையில் முதலில் வற்றுவது அந்த ஊற்றுகள்தான். அவற்றின் நீரளவை மாதந்தோறும் வாளியும் கடிகாரமும் கொண்டே அளந்துவிடலாம்.

2025 செப்டம்பரில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் முக்கியக் கனிமச் சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்களித்தது. அதனால் கிராம சபையில் தரவை வைப்பது இப்போது கூடுதல் அவசியம். கிணற்று எண், ஆழம், தேதி, அளவு, வரம்பு என்று தமிழில் ஒரே தாள் போதும். ஆய்வக அறிக்கையின் நகல் ஊராட்சி அலுவலகத்தில் இருக்கட்டும். அதே தாளில் ஒவ்வொரு துளையின் இடமும் மூடிய தேதியும் வேண்டும். செர்பென்டைன் பகுதியில் கிரைசோடைல் கல்நார் (தூசியாக மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், எனவே தண்ணீர் விட்டே துளையிட வேண்டும். வேலை முடிந்ததும் துளையை அடிமுதல் மேல்வரை சிமென்ட் கலவையால் அடைக்க வேண்டும். வாயில் மட்டும் கல் வைத்து விட்டுப் போனால், மேல்மட்டக் கழிவுநீர் அதன் வழியே ஆழத்து நீருக்கு இறங்கிவிடும்.