சென்னையில் விபத்து இழப்பீட்டு வழக்கு: ஏ.ஆர். காப்பி முதல் ஊனச் சான்று வரை

அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் பணி மருத்துவர் என்ன நடந்தது என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். அதன் நகல்தான் ஏ.ஆர். காப்பி. நல்ல வழக்குகள் பலவும் சறுக்குவது இந்த ஒரு தாளில்தான். தூக்கி வந்தவர் பதற்றத்தில் "பைக்ல இருந்து விழுந்துட்டாரு" என்பார். இடித்துவிட்டுப் போன கார் பதிவிலேயே இருக்காது. பின்னாளில் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்த வரியைத்தான். எந்த வண்டி மோதியது, எந்த இடம், எத்தனை மணி, தெரிந்தால் வண்டி எண் என எல்லாவற்றையும் சொல்லி எழுத வையுங்கள்.

அடுத்தது எஃப்.ஐ.ஆர். சென்னையில் இதைப் பதிவது போக்குவரத்து புலனாய்வுப் பிரிவு. "செலவை நான் பார்த்துக்கிறேன், கேஸ் வேண்டாம்" என்று வண்டிக்காரர் சொல்வதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். அதற்குள் கடை வாசல் கேமராவின் பதிவும் அழிந்துவிடும்.

இழப்பீட்டு மனு உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சிறு வழக்குகள் நீதிமன்றத்துக்குப் போகும்; சென்னையில் தீர்ப்பாயமாக இயங்குவது அதுதான். விபத்து வெளியூரில் நடந்திருந்தாலும், சென்னையில் வசிப்பவர் இங்கேயே மனு போடலாம். 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி, மனு போட விபத்து நாளிலிருந்து கெடு 6 மாதம். சிகிச்சை முழுசாக முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பிந்தைய பில்களை விசாரணையின்போது தாக்கல் செய்யலாம்.

தொகை எப்படி வருகிறது? 28 வயது, மாதம் 20,000 ரூபாய் சம்பாதிக்கும் டெலிவரி ஊழியர், வேலைத்திறன் இழப்பு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 28,000. அதை 12 மாதத்தால் பெருக்கி, அந்த வயதுக்குரிய பெருக்கல் எண் 17-ஆல் பெருக்கி, 20 சதவீதம் எடுத்தால் 11,42,400 ரூபாய். வேலைத்திறன் இழப்பு நிரூபணமாகாமல், ஊனச் சதவீதம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் கணக்கிட்டால் அதே 20-க்கு வெறும் 1 லட்சம்.

வித்தியாசம் இவ்வளவு பெரிது என்பதால் ஊனச் சான்றில் கவனம் வேண்டும். மருத்துவக் குழு ஒரு காலுக்கு 45 சதவீதம் என்று எழுதினால், அது முழு உடலுக்கு 45 சதவீதம் ஆகாது. அந்தக் காலால் இனி வண்டி ஓட்ட முடியாது, மாடி ஏற முடியாது, அதனால் பிழைப்பு எப்படிப் பாதிக்கிறது என்பதைச் சாட்சியத்தில் விளக்கியாக வேண்டும். வருமானத்துக்கு, ஆப் மூலம் பணம் வந்த வங்கிக் கணக்கு அறிக்கையே போதிய ஆதாரம்.

ஆஸ்பத்திரி வார்டுக்கே வந்து வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள். இழப்பீட்டில் இத்தனை சதவீதம் என்று வக்கீல் பேரம் பேசுவதை பார் கவுன்சில் விதி தடுக்கிறது.

மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால், வேறு வழி உண்டு: கொடுங்காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம் அரசுத் திட்டத்தில் கிடைக்கும். இதற்கு நீதிமன்றம் போக வேண்டாம், விபத்து நடந்த பகுதியின் இழப்பீட்டுக் கோரிக்கை விசாரணை அதிகாரியிடம் (போலீஸ் அல்ல, வருவாய்த் துறை அதிகாரி) விண்ணப்பித்தால் போதும்.