சொன்ன பேச்சுக் கேட்காத கப்பல்

விண்வெளிக் கப்பல் ஓட்டும் கேம்களில், சின்னக் கப்பலை விற்றுவிட்டுப் பெரிய சரக்குக் கப்பல் வாங்குகிறவர்கள் எல்லோரும் முதல் நாளே ஒரு சுவரில் மோதுவார்கள். நிலையம் கண்ணுக்குத் தெரிந்ததும் எஞ்சினை நிறுத்துவார்கள், கப்பல் நிற்காது. பதறிப்போய் மூக்கைத் திருப்புவார்கள். மூக்கு மட்டும் திரும்பும்; கப்பல் பழைய திசையிலேயே பக்கவாட்டாக நகர்ந்துபோய் இடிக்கும். இலங்கை மலையகத்தின் தலவாக்கலையில் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கிறான். இடித்த கையோடு அவன் கேட்டான்: "அண்ணே, அங்கதான் எடையே இல்லையே, அப்புறம் ஏன் இது இவ்வளவு பாரமா நடந்துக்குது?"

நல்ல கேள்வி. எடை இல்லைதான், ஆனால் திணிவு இருக்கிறது. ஒரு பொருள் தன் இயக்கத்தை மாற்றவிடாமல் பிடிக்கும் பிடிவாதத்தின் அளவுதான் திணிவு. பூமியை விட்டு எவ்வளவு தூரம் போனாலும் அது குறையாது. திணிவை வேகத்தால் பெருக்கினால் உந்தம். கப்பலை நிறுத்த வேண்டுமென்றால் அந்த உந்தம் முழுவதையும் எதிர்விசை கொடுத்துக் கழித்தாக வேண்டும்.

கினிகத்தேனைப் பக்கம் தேயிலை ஏற்றி இறங்கும் லொறியைப் பார்த்திருப்பீர்கள். வளைவு வந்த பிறகு டிரைவர் பிரேக்கைத் தேடமாட்டார்; மேலேயே கியரைக் குறைத்துவிடுவார். ஆனாலும் அவருக்கு டயருக்கும் தாருக்கும் இடையிலான உராய்வு துணைக்கு இருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டியின் பாதையே திரும்புவது அந்த உராய்வால்தான். விண்வெளியில் அந்தத் துணை கிடையாது.

ஒரு கணக்குப் போடுவோம். 1,000 தொன் கப்பல், செக்கனுக்கு 200 மீற்றர் வேகம், நிறுத்துவதற்கு 40 இலட்சம் நியூற்றன் விசை. அமர்முடுகல், அதாவது வேகம் குறையும் வீதம், செக்கனுக்குச் செக்கன் 4 மீற்றர். நிற்க 50 செக்கன் பிடிக்கும், அதற்குள் 5 கிலோமீற்றர் ஓடிவிடும். அதே கப்பலில் இன்னொரு 1,000 தொன் சரக்கு ஏற்றினால் 100 செக்கன், 10 கிலோமீற்றர். சரக்கு ஏற்றாமல் வேகத்தை மட்டும் இரட்டிப்பாக்கினால் இன்னும் மோசம்: தூரம் நான்கு மடங்காகி 20 கிலோமீற்றர். வெறும் கப்பலில் பழகிய கை, சரக்கு ஏற்றிய அன்று நிலையத்தைத் தாண்டிப் போவது இதனால்தான்.

பெரும்பாலான கப்பல்களுக்குப் பலமான எஞ்சின் பின்னால் இருக்கும், முன்பக்கத் தள்ளிகள், அதாவது கப்பலைத் தள்ளும் சின்ன எஞ்சின்கள், நோஞ்சான். அதனால் கப்பலை முழுசாகத் திருப்பி, வால் முன்னால் போகும்படி வைத்து எஞ்சினை எரிக்க வேண்டும். அப்படித் திருப்ப 30 செக்கன் ஆகிறது என்றால், அந்த நேரத்தில் மட்டும் 6 கிலோமீற்றர் சும்மா போய்விடுகிறது. புதியவர்கள் கணக்கில் விடுவது பெரும்பாலும் இந்த 6 கிலோமீற்றரைத்தான்.

இனி வளைவு. 200 மீற்றர் வேகத்தில் போகும்போது மூக்கை நேர் வலப்பக்கம் திருப்பி, அதே 200 வேகம் சேரும்வரை எஞ்சினை எரித்தால் கப்பல் வலப்பக்கம் போகுமா? போகாது. பழைய வேகம் அப்படியே இருக்கிறது, புதியது அதோடு கூடுகிறது. கப்பல் 45 பாகையில், செக்கனுக்குச் சுமார் 283 மீற்றரில், மூலைவாட்டாகப் பறக்கும். சரியாக வலப்பக்கம் மட்டும் போக வேண்டுமென்றால் மூக்கை 90 பாகையோடு நிறுத்தாமல் 135 வரை, அதாவது கொஞ்சம் பின்னோக்கியே, திருப்பி எரிக்க வேண்டும். திரையில் பார்க்கக் கிறுக்குத்தனமாகத் தெரியும், ஆனால் சரியாக வரும்.

பெரிய கப்பலுக்கு இன்னும் பெரிய எஞ்சின் வைத்தால் தீராதா என்று கேட்கலாம். தீராது. நீள, அகல, உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கினால் திணிவு 8 மடங்காகும். எஞ்சின் பொருத்தக் கிடைக்கும் பரப்போ 4 மடங்குதான். ஆர்முடுகல், அதாவது வேகம் கூடும் வீதம், பாதியாகிறது. சுழற்சியில் நிலைமை இன்னும் மோசம். சுழலவிடாமல் பிடிக்கும் பிடிவாதமான சடத்துவத் திருப்பம் 32 மடங்காகும், சுழற்றும் விசையின் திருப்புதிறனான முறுக்கம் 8 மடங்குதான் ஆகும். அதனால் திரும்பத் தொடங்குவது நான்கில் ஒரு பங்கு சுறுசுறுப்பில்தான். திரும்பத் தொடங்கிய பிறகு அந்தச் சுழற்சியை நிறுத்துவதும் அதே பாடுதான்.

கேம் செய்கிறவர்கள் இதை முழுசாக நம் தலையில் கட்டுவதில்லை. 2014 இல் வந்த எலீட் டேஞ்சரஸில் 'ஃபிளைட் அசிஸ்ட்' போட்டிருந்தால், மூக்கு பார்க்கும் பக்கம் கப்பல் போகும்படி கணினியே தள்ளிகளை இயக்கும். அதை அணைத்தால் நியூற்றன் விதிகள் வீட்டுக்குள் வந்துவிடும். அணைத்தாலும் உச்ச வேகத்துக்கு வரம்பு உண்டு, அது பௌதிகத்தில் இல்லாத வரம்பு. நான் அதைக் குறை சொல்லமாட்டேன். இரண்டு கப்பல்கள் செக்கனுக்கு 10 கிலோமீற்றரில் எதிரெதிரே வந்தால் சுடவே நேரம் இருக்காது. 2003 இல் வந்த ஈவ் ஆன்லைன் இன்னும் ஒரு படி மேலே போய், எஞ்சினை நிறுத்தினால் தண்ணீரில் போகிற மாதிரிக் கப்பலை நிற்கவே வைத்துவிடுகிறது. ஆனால் திணிவை மறக்கவில்லை: தூர இடத்துக்கு அதிவேகமாகத் தாவும் 'வார்ப்' பாய்ச்சலுக்கு முன் இலக்கை நோக்கி உச்ச வேகத்தில் 75 சதவீதத்தை எட்ட வேண்டும், பெரிய சரக்குக் கப்பலுக்கு அதற்கே அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். வேடிக்கை என்னவென்றால், 1962 இல் எழுதிய ஸ்பேஸ்வார் என்ற கணினி கேமிலேயே எஞ்சின் அணைந்த கப்பல் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும்.

நிஜத்தில் இது எப்படி முடியும் என்பதை 1997 ஜூன் 25 காட்டியது. சுமார் 7 தொன் திணிவுள்ள புரோகிரஸ் என்ற ஆளில்லாச் சரக்குக் கலத்தை, ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்துக்குள் இருந்து வீடியோவைப் பார்த்துக் கையால் இயக்கிக்கொண்டு வந்தார்கள். அது நிலையத்தின் ஸ்பெக்டர் என்ற பகுதியில் மோதியபோது வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 3 மீற்றர், மெதுவாக ஓடுகிற ஆளின் வேகம்தான். சுவர் ஓட்டையாகிக் காற்று வெளியேறத் தொடங்க, கதவு வழியே போன கேபிள்களை அவசரமாகப் பிரித்தும் வெட்டியும் அந்தப் பகுதியையே மூடவேண்டியிருந்தது.

கையால் பழகிப் பார்க்க விலை கொடுத்துக் கேம் வாங்க வேண்டியதில்லை. ஸ்பேஸ்எக்ஸ் 2020 இல் தன் டிராகன் கலத்தைச் சர்வதேச விண்வெளி நிலையத்தோடு இணைக்கும் பயிற்சியை பிரௌசரிலேயே ஓடும்படி வெளியிட்டது. இணையும்போது வேகத்தையும் சாய்வையும் காட்டும் திரையின் எண்கள் 0.2 க்குக் கீழே இருக்க வேண்டும். தம்பி முதலில் பொத்தானை அழுத்திப் பிடித்தான், கலம் கையை விட்டுப் போனது. இப்போது வலப்பக்கம் மூன்று தட்டு, பொறுமையாகக் காத்திருப்பு, இலக்குக்கு நேராக வந்ததும் இடப்பக்கம் மூன்று தட்டு என்று எண்ணிக்கொண்டே ஓட்டுகிறான்.