லைவ் ஆக்‌ஷன்: உயிரா, மெய்யா?

கொல்லையில் மேய்ந்ததெல்லாம் ஒருகாலத்தில் வெறும் கோழிதான். பிராய்லர் வந்த பிறகே அதற்கு ‘நாட்டுக்கோழி’ என்று பெயர் வைக்க வேண்டியதாயிற்று. படங்கள் பேசத் தொடங்கியதும் அதற்கு முந்தையவை ‘ஊமைப்படம்’ ஆயின. ‘லைவ் ஆக்‌ஷன்’ என்பதும் இப்படிப் பின்னால் ஒட்டிய பெயர்தான். ஆளை நிறுத்தி, கேமராவை ஓட்டி எடுத்ததைப் படம் என்றாலே போதுமாயிருந்தது. வரைந்த உருவங்களும் திரையில் ஓடியாடத் தொடங்கியதும், மற்றதைப் பிரித்துச் சொல்ல கார்ட்டூன்காரர்களுக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. இன்று அந்தச் சொல் தனியாக வருவது குறைவு. ‘ரீமேக்’ என்ற வாலோடுதான் வருகிறது. பழைய அனிமேஷன் படத்தை நடிகர்களை வைத்து மறுபடி எடுத்தால் அது லைவ் ஆக்‌ஷன் ரீமேக்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? இயந்திர மொழிபெயர்ப்பை நம்பினால் ‘நேரடி நடவடிக்கை’ என்று வந்து நிற்கும். சிறுவர் படத்தைப் பற்றிய செய்தி, தொழிற்சங்க அறிவிப்பைப் போல ஒலிக்கும். சொல்லைப் பிரித்துப் பார்த்தாலும் வழி அடைபட்டிருக்கிறது. ‘லைவ்’ என்றால் நமக்கு நேரலை: கிரிக்கெட், தேர்தல் முடிவு. ‘ஆக்‌ஷன் படம்’ என்றால் சண்டைப் படம். ‘நேரடி’ என்ற சொல்லையோ கோடம்பாக்கம் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. ‘நேரடித் தமிழ்ப் படம்’ என்றால் டப்பிங் அல்லாதது. ஆகவே ஹாலிவுட்டின் லைவ் ஆக்‌ஷன் படம் ஒன்று தமிழில் டப்பாகி வரும்போது அதை ‘நேரடிப் படம்’ என்றால், அது எதுவல்லவோ அதையே சொன்னதாகிவிடும்.

வேரைத் தேடினால் இன்னொரு வேடிக்கை. ‘அனிமேஷன்’ என்பதற்கு அடி, ‘அனிமா’ என்ற லத்தீன் சொல். மூச்சு, உயிர் என்று பொருள். அசையாத கோட்டுக்கு உயிர் கொடுப்பதால் அந்தப் பெயர். ‘லைவ்’ என்பதும் உயிருள்ளது என்ற பொருள்தான். இரண்டையும் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், லைவ் ஆக்‌ஷன் ரீமேக் என்பது ‘உயிரூட்டியதற்கு மறுபடி உயிரூட்டுதல்’ ஆகிவிடும். இங்கே தமிழ் இலக்கணம் கைகொடுக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் எழுத்துகளில் உயிர் ஒன்று, மெய் ஒன்று. மெய் என்றால் உடம்பு. உண்மை என்றும் பொருள். வரைந்த பாத்திரத்துக்கு உயிர் முன்பே உண்டு, குரல்கூட உண்டு. இல்லாதது உடம்பு. ரீமேக் தருவதாகச் சொல்வது அந்த மெய்யைத்தான். எனவே ‘மெய்யுருப் படம்’ என்று சொல்லலாம் என்பது என் பரிந்துரை. அனிமேஷனுக்கு ‘அசைவூட்டம்’, ‘இயங்குபடம்’ இரண்டும் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன. ‘மெய்யுரு’ அவற்றின் பக்கத்தில் உறுத்தாமல் உட்காரும். பேச்சில் ‘ஆள் நடித்த படம்’ என்றாலே போதும்.

சொல் கிடைத்தாலும், பொருள் அவ்வளவு சுத்தமாகப் பிரிவதில்லை. 1937-இல் வந்த டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’டை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ஜ் சாம்பியன் என்ற நடனப்பெண்ணை ஆடவும் நடக்கவும் விட்டுப் படம்பிடித்து, அதைப் பார்த்துத்தான் ஓவியர்கள் இளவரசியின் அசைவுகளை வரைந்தார்கள். கோட்டுக்கு முன்னால் ஓர் உடம்பு இருந்தது. 2025-இல் வந்த மறு ஆக்கத்தில் இளவரசியாக ரேச்சல் ஸெக்லர் நடித்தார். ஏழு குள்ளர்களோ கணினியில் செய்யப்பட்டவர்கள். மெய்யைப் பார்த்து வரைந்தது இயங்குபடம். ஏழு பேரைக் கணினியில் வரைந்தது மெய்யுருப் படம்!

‘தி லயன் கிங்’ இதைவிட ஒரு படி மேலே போயிற்று. 2019-இல் வந்த அந்தப் படத்தை உலகமே லைவ் ஆக்‌ஷன் என்றது. அதில் உண்மையான கேமரா பிடித்தது ஒரே ஒரு காட்சிதான், தொடக்கத்தில் வரும் சூரியோதயம் என்று இயக்குநர் ஜான் ஃபாவ்ரோவே சொல்லியிருக்கிறார். மற்ற சிங்கம், புல், புழுதி எல்லாம் கணினி. படக்குழு மெய்நிகர்க் கண்ணாடிகளை மாட்டிக்கொண்டு, கணினிக்குள் கட்டிய ஆப்பிரிக்காவில் கேமராக் கோணம் பார்த்தது. கோல்டன் குளோப் விருதுக்காரர்கள் அதை அனிமேஷன் பிரிவில்தான் பரிந்துரைத்தார்கள். ‘விர்ச்சுவல்’ என்பதற்கு நம்மிடம் ‘மெய்நிகர்’ என்ற நல்ல சொல் இருக்கிறது: மெய் போன்றது, மெய்யன்று. லயன் கிங் மெய்நிகர்ப் படம். இந்த வேறுபாட்டை ஆங்கிலச் சொல் மறைக்கிறது. தமிழ்ச் சொல் காட்டிக்கொடுக்கிறது.

அந்தப் படத்தின் மீது பலர் சொன்ன குறை, சிங்கங்களின் முகத்தில் எதுவும் தெரியவில்லை என்பது. தொல்காப்பியம் இதற்கு ஓர் இயலே வைத்திருக்கிறது: மெய்ப்பாட்டியல். உள்ளத்தில் எழுவது உடம்பில் வெளிப்படுவது மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு. 1994-இல் வரைந்த சிங்கத்துக்குப் புருவம் உயரும், உதடு கோணும். 2019 சிங்கம் அச்சு அசல் சிங்கம். ஆகையால் அதனால் சிரிக்க முடியாது. மெய்யை நெருங்க நெருங்க மெய்ப்பாடு போய்விட்டது. தமிழ் டப்பிங்கில் வில்லன் சிங்கமான ஸ்காருக்கு அரவிந்த் சுவாமியும், சிரிப்பு ஜோடியான டிமோனுக்கும் பும்பாவுக்கும் சிங்கம்புலியும் ரோபோ சங்கரும் குரல் கொடுத்தார்கள். முகத்தில் வராத நகையைக் குரல் ஓரளவு ஈடுகட்டியது என்பேன்.

ஆனாலும் பணம் கொட்டியது: உலகெங்கும் 160 கோடி டாலருக்கு மேல். இங்கே இன்னொரு சொல்லையும் தொட்டுவிட வேண்டும். ‘பாக்ஸ் ஆபீஸ்’ என்பது 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில நாடக அரங்குகளில் வழங்கிய சொல். பாக்ஸ் எனப்படும் தனி அறை இருக்கைகளுக்குச் சீட்டு விற்ற இடம். வசூல் என்ற பொருள் அதற்கு ஏறியது 20-ஆம் நூற்றாண்டில். தமிழுக்கு அந்த இரண்டாம் பொருள் மட்டுமே வந்து சேர்ந்தது; ‘பாக்ஸ் ஆபீஸில் வரிசையில் நின்றேன்’ என்று யாரும் சொல்வதில்லை, கவுண்டர் என்கிறோம். ‘வசூல்’ அரபியிலிருந்து வந்தது. தனித்தமிழ் வேண்டுவோர் ‘வருவாய்’ என்பார்கள். ஆனால் படம் ‘கல்லா கட்டியது’ என்பதில் உள்ள உயிர் வேறெதிலும் இல்லை. கல்லாப்பெட்டி கடைக்காரர் மடியை ஒட்டியிருக்கும் பெட்டிதானே. ‘பாக்ஸ்’ போய்ப் ‘பெட்டி’ வந்தது தற்செயல்தான், ஆனால் பொருத்தம்.

சரி, நெரிசலான ஆண்டில் ஒரு மெய்யுருப் படம் கல்லா கட்டுமா? 2019-இல் டிஸ்னி மட்டுமே திரையரங்குகளில் மூன்று இறக்கியது. மார்ச் இறுதியில் ‘டம்போ’, மே மாதம் ‘அலாதீன்’, ஜூலையில் லயன் கிங். நடுவே ஏப்ரலில் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ திரையரங்குகளை வளைத்துப் போட்டது. அப்படியும் அலாதீன் 105 கோடி டாலர் ஈட்டியது. டம்போ 35 கோடியோடு நின்றது. 2025-இலும் இதே கதை. மார்ச்சில் வந்த ஸ்னோ ஒயிட், செய்த செலவைக்கூட எட்டாமல் 20 கோடியைச் சற்றே தாண்டி ஓய்ந்தது. கல்லாவில் ஏறக்குறைய பாதி திரையரங்குக்காரருக்குப் போகும் என்பதையும் சேர்த்தால் அடி இன்னும் பலம். அதன் வெளியீட்டைச் சுற்றியிருந்த சர்ச்சைகளும் ஒரு காரணம். மே 23-இல், ‘மிஷன்: இம்பாசிபிள்’ வரிசையின் புதிய படத்தோடு ஒரே நாளில் மோதிய ‘லிலோ அண்ட் ஸ்டிட்ச்’, 10 கோடி செலவில் 100 கோடியைத் தாண்டியது. முதலில் அதை ஓடிடிக்கென்றே திட்டமிட்டிருந்தார்கள்! மூன்றே வாரத்தில், ஜூன் 13 அன்று ‘ஹவ் டு டிரெய்ன் யுவர் டிராகன்’ வந்து 60 கோடிக்கு மேல் அள்ளியது. பழைய லிலோவை இருவராக இயக்கியவர்களில் ஒருவரான டீன் டெபுளுவாதான் இந்த டிராகனின் இயக்குநர் என்பது கூடுதல் சுவை.

ஆக நெரிசல் அவ்வளவு பெரிய வில்லன் இல்லை. மூலப்படத்தின் வயதைப் பாருங்கள். அலாதீன் 1992, லயன் கிங் 1994, லிலோ 2002, டிராகன் 2010. அவற்றைச் சிறுவயதில் பார்த்தவர்களில் பலர் இன்று பெற்றோர், இல்லாவிட்டால் சொந்தக் காசில் டிக்கெட் வாங்கும் இளைஞர்கள். டம்போ 1941, ஸ்னோ ஒயிட் 1937. அந்த நினைவைத் தூக்கி வர ஆள் மிகக் குறைவு. இது சட்டமல்ல. 1967-இன் ‘ஜங்கிள் புக்’ 2016-இல் அள்ளியது. 1989-இன் ‘லிட்டில் மெர்மெய்ட்’ 2023-இல் சுமாராகத்தான் போயிற்று. இருந்தாலும் ‘ரீமேக்’ என்ற வாலின் உண்மையான சரக்கு மெய்யுமல்ல, உயிருமல்ல. நினைவுதான் என்பது என் கணிப்பு. நாம் ரீமேக் என்றால் தெலுங்கிலோ மலையாளத்திலோ ஓடியதை இங்கே புதிதாக எடுப்பது என்றே பழகியிருக்கிறோம். அங்கே கதை பலருக்குப் புதிது. டிஸ்னி ரீமேக்கில் கதை தெரிந்தவருக்கே அதே கதை விற்கப்படுகிறது. ‘மறு ஆக்கம்’ என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் போடுவது எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. பின்னதற்கு ‘மீளுரு’ பொருந்தலாம்.

அடுத்து டிஸ்னியின் ‘மோனா’வுக்கு மெய்யுரு. 2026 ஜூலை 10 என்று நாள் குறித்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய வாரங்களில் ‘டாய் ஸ்டோரி 5’, ‘சூப்பர்கேர்ள்’, ‘மினியன்ஸ் 3’. அடுத்த வாரம் நோலனின் ‘தி ஒடிஸி’. மாதக் கடைசியில் ஸ்பைடர்மேன். மூலப்படத்தில் மாவி பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த டுவெய்ன் ஜான்சனே இதில் மாவியாக நடிக்கிறார். உயிருக்கு அதே மெய் வாய்ப்பது இந்த வகையில் அபூர்வம். இருந்தும் எனக்கு ஐயம்தான். மூலம் வந்தது 2016-இல். இரண்டாம் பாகமே 2024 நவம்பரில் வந்து 100 கோடி டாலரைத் தாண்டியது. மறந்தால்தானே நினைக்க? லிலோ அளவுக்குக் கல்லா கட்டாது என்றே நினைக்கிறேன். அன்று ஆறு வயதில் மோனாவைப் பார்த்த பிள்ளைக்கு இன்று வயது பதினாறு. கையைப் பிடித்து அரங்குக்குக் கூட்டிப்போக அதற்கு இன்னும் பிள்ளை இல்லை.